மால்டா கொடியில் பதக்கம் ஏன்?

மத்தியதரைக் கடலில் இருக்கிற குட்டித் தீவு நாடு மால்டா, முன்பு பிரிட்டனின் காலனி. சென்ற வாரம் அதைப் பற்றிப் பேசியதற்கு வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. “1964லேயே சுதந்திரம் வாங்கிவிட்டார்கள். ஆங்கிலேய அரசர் கொடுத்த பதக்கத்தை இன்னும் ஏன் சார் கொடியில் வைத்திருக்கிறார்கள்? கூச்சமாக இருக்காதா?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

பாதி வெள்ளை, பாதி சிவப்பு. வெள்ளையின் மேல்மூலையில் இருப்பது ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம். 1942 ஏப்ரல் 15 அன்று ஆறாம் ஜார்ஜ் அதைத் தீவு முழுவதற்குமாகக் கொடுத்தார். ஜெர்மனியும் இத்தாலியும் ராப்பகலாகக் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம். அதற்கு ஆறு நாள் முன்புதான் மோஸ்டா ஊர்த் தேவாலயத்தின் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு விழுந்தது. உள்ளே சுமார் 300 பேர். நல்லவேளை, வெடிக்கவில்லை. இத்தனையும் பட்டது அந்த மக்கள். அதனால் பதக்கமும் தங்களுடையது என்று வைத்துக்கொண்டார்கள். கேள்விக்குப் பதில் முடிந்தது.

ஆனால் தம்பி ரொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். வழக்கமாகப் பார்ப்பவர்கள் ‘ஆரம்பித்துவிட்டார்’ என்று சிரிப்பீர்கள். ஆமாம், பழைய பாட்டுத்தான்: ஒரு காலனியின் கதை தெரியவேண்டுமா, ஆளுநர் மாளிகையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள்.

மால்டாவில் ரொட்டிக்குப் பெயர் ‘ஹொப்ஸ்’. வளைகுடாவில் இருந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கும். குப்பூஸ்! அதே சொல்தான். குவைத்தில் பதினெட்டு வருஷம் குப்பூஸ் தின்ற என் சித்தப்பா இதைக் கேட்டதும், “அங்கேயும் அதானா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மால்டாக்காரர்களின் மொழி அரபியிலிருந்து கிளைத்தது. எழுதுவது ரோமன் எழுத்தில். பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், ஆனால் கடவுளுக்குச் சொல் ‘அல்லா’. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

சரி, ரொட்டிக்கு வருகிறேன். பாறைத் தீவு. விளைகிற கோதுமை வயிற்றுக்குக் காணாது, கப்பலில்தான் வரவேண்டும். பிரிட்டனுக்கு வேண்டியிருந்தது துறைமுகம். முதல் உலகப்போர் முடிந்ததும் ரொட்டி விலை ஏறிக் கிடந்தது. கப்பல் பட்டறையிலோ ஆட்களைக் கழித்தார்கள். 1919 ஜூன் 7, தலைநகர் வல்லெட்டாவில் கூட்டம் கொதித்துப்போய் மாவு ஆலைக்காரர் வீட்டுக்குள் புகுந்தது. கலவரத்தில் சிப்பாய்களின் கையால் நான்கு பேர் செத்தார்கள். இரண்டு வருஷத்தில் சுயாட்சிக்கு ஒரு சட்டசபை வந்தது.

1942லும் அதே மாவுதான். பொதுச் சமையற்கூடத்தின் வாசலில் பாத்திரத்தோடு வரிசை. கறவை ஆடுகளை அடித்துக் குழம்பு வைத்தார்கள். இன்ன தேதிக்குள் சரக்கு வராவிட்டால் சரணடைய வேண்டியதுதான் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் 5 தான் கரை சேர்ந்தன. கடைசியாக வந்தது ஒஹையோ என்ற எண்ணெய்க் கப்பல். முழுகப்போனதை இரு பக்கமும் போர்க்கப்பல் கட்டி, காய்ச்சல்காரரை நடத்திக் கூட்டிவருவதுபோலக் கொண்டுவந்தார்கள். அன்று ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். ராணுவம் அந்தப் பயணத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தது. மால்டாக்காரர்களுக்கு அது ‘சாந்தா மரியா’ கப்பல் அணி.

கூச்சம் என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1956ல் பிரிட்டனோடே இணைந்துவிடலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் சுமார் 77 சதவீதம் பேர் ‘சரி’ என்றார்கள்! ஒரு பெரிய கட்சி புறக்கணித்தது, பேச்சு இழுபறியானது, கடைசியில் நடக்கவில்லை. பிரிட்டிஷ் கப்பல் பட்டறைச் சம்பளத்தில் அடுப்பெரிந்த வீடுகள் அங்கே அத்தனை.

அப்புறம் தம்பி, அவர்கள் நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள். ஜூன் 7 விடுமுறை. ஆகஸ்ட் 15 விடுமுறை. பதக்கம் கொடுத்த ஏப்ரல் 15க்கு லீவு கிடையாது.