விகாரத்தை வரையாமல் வரவழைத்தவர்

நண்பர்களுக்கு வணக்கம்.

விகாரம் என்றதும் கோணல் முகமும் பிதுங்கிய கண்ணும்தான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ்ஸும் 1960இல் ஆவி மாதிரியான உருவங்களைத் தீட்டியவர்தான். ஆனால் அவரைப் பற்றி இன்று பேசவைப்பது அந்த ஓவியங்கள் அல்ல.

1964இல் அவருடைய கணவரான சிற்பி டாம் டாயிலை ஜெர்மனிக்கு அழைத்தார் ஒரு ஜவுளி ஆலை முதலாளி. கெட்விக் என்ற ஊரில், ஓடாமல் கிடந்த ஆலைக் கட்டடத்தில் பட்டறை. ஹெஸ்ஸும் கூடப் போனார். ஓவியம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அங்கே கிடந்த நூல்கயிறையும் இயந்திர உதிரிகளையும் எடுத்தார். பலகையில் கயிறைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார், காகிதக்கூழில் புடைப்பு எழுப்பினார், இளஞ்சிவப்பு பூசினார். மார்பா, வேறு ஏதாவதா? பார்த்ததும் சிரிப்பு வரும், உடனே கூச்சமும் வரும். உடலை வரைய அவர் உட்காரவில்லை. சுற்றுவது, ஒட்டுவது, பூசுவது என்ற வேலையிலிருந்தே உடல் வந்துவிட்டது.

1966இல் நியூயார்க்கில் செய்த ‘ஹேங் அப்’ இன்னும் வேடிக்கை. ஆறடி உயரம், ஏழடி அகலத்தில் வெறும் சட்டம். உள்ளே படம் கிடையாது. சட்டம் முழுக்கப் படுக்கை விரிப்புத் துணி சுற்றி, வெளிர் சாம்பலிலிருந்து கருஞ்சாம்பல்வரை படிப்படியாக வண்ணம். சட்டத்தின் மேல்மூலையிலிருந்து கயிறு சுற்றிய ஒரு கம்பி கிளம்பி, அறைக்குள் ஆறடிக்கும் மேல் வளைந்து இறங்கி, கீழ்மூலையில் போய்ச் சேர்கிறது. கட்டுப்போட்ட காயம் மாதிரி ஒரு சட்டம்! நகையையும் (சிரிப்பு) இளிவரலையும் (அருவருப்பு, இழிவுணர்வு) தொல்காப்பியர் தனித்தனி மெய்ப்பாடாக, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வாக, வைத்தார். இங்கே இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

அப்புறம்தான் ரப்பர் பால். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மெல்லிய துணியில் தூரிகையால் ஒரு பூச்சு, காயவேண்டும், மறுபடி பூச்சு. தடிப்பு கூடக் கூட அது தோல் மாதிரி ஆகும். 1969இல் செய்த ‘கன்டின்ஜென்ட்’ எட்டுத் தொங்கல்கள் கொண்டது. நடுவில் ரப்பர் பூசிய துணி, மேலும் கீழும் கண்ணாடி இழை. இன்று ஆஸ்திரேலியாவில், கான்பெராவில் இருக்கிறது. அதைச் செய்த வருடமே அவருக்கு மூளைக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. 1970 மே மாதம் இறந்தபோது வயது 34.

நாஜிகளிடமிருந்து தப்பிய யூதக் குழந்தை, தாயின் தற்கொலை, நோய் என்று இவர் வாழ்க்கையை வைத்தே எல்லாச் சிற்பத்தையும் விளக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் தெரியவருவதற்கு முன்பே ரப்பர் பாலில் இறங்கிவிட்டார். ‘ஹேங் அப்’ சட்டத்தில் துக்கத்தைவிடக் குறும்புதான் அதிகம்.

ரப்பர் நிலைக்காது என்பது அவருக்குத் தெரியும். வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் குற்ற உணர்வாக இருக்கிறது, ‘இது நீடிக்காது’ என்று கடிதம் எழுதிவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு பேட்டியில் சொன்னார். அதுதான் நடந்தது. ஒளி ஊடுருவும்படி இருந்த ரப்பர் பழுத்து, கறுத்து, விறைத்து, நொறுங்குகிறது. மூப்பும் பிணியும் இளிவரலுக்குக் காரணம் என்று தொல்காப்பியர் வரிசைப்படுத்தியது இந்த ரப்பருக்குப் பொருந்துகிறது.

சரி, புதிதாகச் செய்துவிடலாமா? அருங்காட்சியகக்காரர்கள் நடுவே இது பெரிய வாதம். நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த அவருடைய ரப்பர் சிற்பம் ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷ’னைப் பல பத்தாண்டுகள் காட்டாமல் வைத்திருந்து, செப்பனிட்டு 2022இல் காட்டியது. என்னைக் கேட்டால் செப்பனிடுவது சரி, நகல் வேண்டாம். ஒரு பூச்சு எவ்வளவு தடிப்பு, எங்கே நிறுத்துவது என்பதை அவர் கைதான் வேலையின் நடுவில் தீர்மானித்தது. நகல் செய்கிறவர் முடிந்த வடிவத்தைப் பார்த்துத்தான் செய்வார். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் கேள்வி நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.