குடம் கைமாறும் சண்டை

நடுவர் அவர்களே, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று பல பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் மும்பைத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். சின்னத்திரையில் கோபத்தை உள்ளபடி காட்டுவது நகைச்சுவைத் தொடரா, குடும்பத் தொடரா என்பது தலைப்பு. நகைச்சுவைத் தொடர்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் எனக்குத் தெரிந்த ஒரு சண்டையைச் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது தாராவியில், ஒற்றை அறை வீட்டில். விடிகாலையில் தண்ணீர் வரும், கொஞ்ச நேரந்தான். அம்மா குழாயடியில் குடம் பிடிப்பார், அத்தை அதை வாங்கி டிரம்மில் ஊற்றுவார். சரியாக அந்த நேரத்தில்தான் இரண்டு பேருக்கும் முட்டிக்கொள்ளும். சீட்டுப் பணத்தில் ஆரம்பிக்கும், திருநெல்வேலிக் கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதுவரை போகும். "நீங்க பேசாதீங்க மதினி" என்றபடியே அத்தை குடத்தை வாங்குவார், "ஏன், பேசினா என்ன?" என்று கேட்டுக்கொண்டே அம்மா அடுத்ததை நீட்டுவார், ஒரு சொட்டு கீழே சிந்தாது. இரண்டு பேர் கோபமும் நிஜம். தண்ணீர் நின்றுவிடும் என்பதும் நிஜம்.

குடும்பத் தொடரில் இதைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒருவருக்குக் கோபம் வந்தால் வீடே நின்றுவிடும். கன்னத்தில் விழும் ஒரே அறையை மூன்று முறை காட்டுவார்கள், அப்புறம் கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவர் முகமாக வரும், அதற்குள் 'தொடரும்' போட்டுவிடுவார்கள்.

எதிரணி அக்கா 'கோலங்கள்' தொடரின் நாயகி அபியைச் சொன்னார், பெண்ணின் கோபத்துக்கு மரியாதை தந்ததே குடும்பத் தொடர்தான் என்றார். 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடுக்கு மேல் ஓடிய தொடர், எங்கள் வீட்டிலும் விடாமல் பார்த்தோம். ஆனால் அக்கா, அபியை நாம் கொண்டாடியது அவள் பொறுமைக்காகத்தானே? கத்துவது, மிரட்டுவது எல்லாம் வில்லன் ஆதியின் பங்கு. நல்லவள் என்றால் விழுங்க வேண்டும், கத்தினால் கெட்டவள். இதைப் பார்த்து வளர்ந்த பெண் பிள்ளை தனக்கு நியாயமாக வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

இதே ஊரில் நடப்பதாக எடுத்த இந்தி நகைச்சுவைத் தொடர் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்', 2004இல் வந்தது. பணக்காரர்கள் வாழும் கஃப் பரேடில் எதிரெதிர் வீட்டில் மாமியார் மாயா, மருமகள் மோனிஷா. மருமகள் தள்ளுபடியில் வாங்கும் சாமானைக் கண்டாலே மாமியாருக்கு ஆகாது, 'மிடில் கிளாஸ்' என்று முகத்துக்கு நேரே குத்துவார். கோபத்துக்குக் காரணம் தெரியும், வாய்விட்டுச் சொல்வார்கள், மறுபடி அதே மேசையில் சாப்பிட உட்கார்வார்கள். இரண்டு பேரில் யாரும் கெட்டவர் இல்லை.

இதற்குக் காரணம் அந்தத் தொடர்களின் அமைப்பிலேயே இருக்கிறது. நகைச்சுவைத் தொடரில் ஒரு வாரச் சண்டை பெரும்பாலும் அந்த வாரமே தீர வேண்டும், அடுத்த வாரமும் அதே ஆட்கள் அதே வீட்டில் இருக்க வேண்டும். தினமும் ஓடும் தொடருக்குச் சண்டை தீர்ந்தால் கதையே இல்லை, அதனால் ஒரு வாக்கியத்தில் தெளிய வேண்டிய சந்தேகத்தை மாதக் கணக்கில் யாரும் கேட்காமலே வைத்திருப்பார்கள்.

பூரிக்கட்டையால் கணவனை அடிக்கும் நகைச்சுவையும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எனக்கும் பிடிக்காது. அடியைச் சிரிப்பாக்குவது தப்புதான். அதற்காக, அறையை மூன்று முறை காட்டுவது நியாயமாகிவிடுமா?

அத்தைக்கு இப்போது வயதாகிவிட்டது, சாயங்காலமானால் டிவி முன்தான் இருப்பார். போன வாரம் ஒரு தொடரில் குடும்பமே கூடத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இம்புட்டு பேரும் இங்கன நிக்காவளே, அடுப்பை யாரு பாக்கா?"

நன்றி, வணக்கம்.