கதவோரச் சீட்டும் ஐயாயிரம் இறாத்தலும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மே மாதம் பிறந்துவிட்டால் ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் உள்ள எங்கள் கராஜுக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்பார்கள். “அண்ணை, இந்த எஸ்யூவி ஐயாயிரம் இறாத்தல் இழுக்கும் என்று போட்டிருக்கிறான். எங்கட ட்ரெயிலர் வெறும் 2,750 இறாத்தல்தான். பிறகென்ன?” அந்தப் ‘பிறகென்ன’ என்ற சொல்லுக்குரிய விடையைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் நிலையத்தார் என்னை இன்று அழைத்திருக்கிறார்கள். அல்கொன்குயின் பூங்காவுக்கோ சுப்பீரியர் ஏரிக்கரைக்கோ குடும்பத்தோடு முகாம் ட்ரெயிலரை இழுத்துச் செல்ல விரும்புகிறவர்கள், வேறு நாட்களில் அதே வாகனத்தில் வேலைக்கும் போக வேண்டியவர்கள், பத்தாண்டுகளாவது அது உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

விளம்பரத்தில் காணும் அந்த ஐயாயிரம் இறாத்தல், அதாவது 2,268 கிலோ, பொய்யான எண் அன்று. வட அமெரிக்கத் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் இன்று ஜே2807 என்னும் பொறியியல் தரத்தின்படிதான் இழுவைத் திறனை அறிவிக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து தொடங்கும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீள மலையேற்றம் ஒன்று அந்தச் சோதனைக்கு அளவுகோல். கடும் வெயிலில், குளிரூட்டியை முழு அளவில் ஓடவிட்டு, முழுச் சுமையுடன் ஏறும் வாகனம் எந்த இடத்திலும் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சினோ கியர்பெட்டியோ கொதித்து நிற்கவும் கூடாது. 12 விழுக்காட்டுச் சரிவில் நின்ற நிலையிலிருந்து திரும்பத் திரும்பப் புறப்பட்டுக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இது நேர்மையான, கடுமையான சோதனை. ஆனால் அந்தச் சோதனையின்போது வாகனத்துக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுகிறவர்கள் இரண்டே பேர். ஒவ்வொருவரும் 150 இறாத்தல், அதாவது 68 கிலோ. பின்னிருக்கையில் பிள்ளைகள் இல்லை, மூன்றாம் வரிசையில் அம்மம்மா இல்லை, பின்பெட்டியில் குளிர்ப்பெட்டியும் இல்லை.

ஆகவே எஸ்யூவி பார்க்கப் போகிறவர்கள் விற்பனையாளரின் பேச்சைக் கேட்பதற்கு முன், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறிய சீட்டைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். டயரின் காற்றழுத்தம் எழுதியிருக்கும் அதே சீட்டில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது என்ற ஓர் எண் இருக்கும். ஒரே பெயருள்ள மாதிரியிலேயே, கூரைக் கண்ணாடியும் பெரிய சக்கரங்களும் பொருத்திய விலையுயர்ந்த வகைக்கு இந்த எண் குறைவாகவும் எளிய வகைக்குக் கூடுதலாகவும் இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வாகனங்களிலேயே பார்க்கலாம். கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த சுமைதாங்கும் வண்டியை வாங்குவது நம்மவர்களிடையே அரிதான செயல் அன்று.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ட்ரெயிலரின் விளம்பர எடை 1,250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தொழிற்சாலை வாசலில் வெறுமையாக நின்றபோது எடுத்த எடை. நிரப்பிய புரொப்பேன் உருளை இரண்டுக்கு 34 கிலோ, மின்கலத்துக்கு 25 கிலோ, தொட்டியில் 100 லீற்றர் தண்ணீருக்கு 100 கிலோ, பாய் படுக்கை, சட்டி பானை, மடக்கு நாற்காலிகள், மிதிவண்டிகள், ஒரு வாரத்துக்கான அரிசி பருப்பு என்று 190 கிலோ சேர்த்தால் ஏறத்தாழ 1,600 கிலோ ஆகிவிடும். 2,268 கிலோவுக்குள்தானே இருக்கிறது என்று நிம்மதி அடையலாம். இனி வாகனத்தின் பக்கம் வாருங்கள். ட்ரெயிலரின் முன்முனை, வாகனத்தின் பின்புறத்தில் அதைப் பூட்டும் இணைப்புக் குண்டின்மேல் தன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெயிலர் வேகத்தில் ஆடத் தொடங்கும். 12 விழுக்காடு என்று கொண்டால் 192 கிலோ. எடை பகிரும் ஹிச், அதாவது அந்த அழுத்தத்தை முன்னச்சுக்கும் பகிர்ந்துவிடும் இணைப்புக் கருவி பொருத்தினால் அதன் சொந்த எடை 40 கிலோ வரை வரும். பெரியவர் இருவர் 160, வளர்ந்த பிள்ளைகள் இருவர் 120, அம்மம்மா 60, பின்பெட்டியில் உள்ள சாமான் 70. எல்லாம் சேர்ந்து 642 கிலோ. கதவோரச் சீட்டில் 600 கிலோ என்று எழுதியிருந்தால், இழுவைத் திறனில் ஏறத்தாழ 30 விழுக்காடு இன்னும் மீதமிருக்கும்போதே உங்கள் வாகனம் 42 கிலோ அதிகச் சுமையோடு வீட்டு வாசலைத் தாண்டுகிறது. பின்னச்சு தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து, இரவில் முகவிளக்கு மரக்கிளைகளை நோக்கி நிற்கும். எடை பகிரும் ஹிச் இந்தத் தாழ்வைச் சீராக்குமே தவிர, சீட்டில் உள்ள எண்ணை உயர்த்தாது. சில தயாரிப்பாளர்களின் கையேடுகள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன என்பதையும் வாங்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

நெடுஞ்சாலையில் எடையைவிடக் காற்றுத்தான் பெரிய பகை. படகு ஏற்றிய தாழ்வான ட்ரெயிலரும், நிமிர்ந்த முகமுடைய வீட்டு ட்ரெயிலரும் ஒரே எடையாக இருந்தாலும், 401 நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அவற்றை இழுப்பது இருவேறு வேலைகள். இதனால்தான் பல கையேடுகள் ட்ரெயிலரின் முகப்புப் பரப்புக்கும் தனியாக ஓர் எல்லை விதிக்கின்றன. விற்பனைக்கூடத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக உயர்கிறது. 100இலிருந்து 120க்குப் போனால் எதிர்ப்பு 44 விழுக்காடு கூடும், அதை வெல்ல எஞ்சின் தரவேண்டிய ஆற்றலோ 73 விழுக்காடு கூடும். அந்த ஆற்றலின் ஒரு பகுதி கியர்பெட்டி எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. ட்ரெயிலருக்கென்று செய்யப்படும் டயர்களில் பல, மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் ஓடத் தகுதி பெறாதவை என்பதும் வலது பாதையோடு நிதானமாகப் போவதற்குப் போதுமான காரணம். பெரிய லொறி ஒன்று கடந்து போகும்போது ட்ரெயிலர் ஆடத் தொடங்கினால், பதறிப்போய் பிரேக்கை மிதிக்கவோ ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பவோ கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலை மெதுவாக ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அதற்குரிய கட்டுப்பாட்டுக் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் வாகனத் தேர்வில் அடங்கியதுதான்.

ஒன்ராறியோச் சட்டப்படி மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். நம் கணக்கில் வந்த ட்ரெயிலர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் பல நடுத்தர எஸ்யூவிகளின் பின்புறத்தில் விற்பனைக்கூடத்தில் பூட்டித் தருவது விளக்குகளுக்கு மட்டும் மின்சாரம் தரும் நான்கு முனை இணைப்பைத்தான். மின்பிரேக்கை இயக்குவதற்கு ஏழு முனை இணைப்பு வேண்டும். தொழிற்சாலையிலேயே இழுவைத் தொகுதியோடு வரும் வாகனத்தில் இந்த இணைப்போடு, மாதிரியைப் பொறுத்துக் கூடுதல் குளிரூட்டும் வசதியும் சேர்ந்து வரும். பிற்பாடு ஹிச்சை மட்டும் பூட்டினால் குளிரூட்டல் அப்படியேதான் இருக்கும். இழுவைத் திறன் உயராது. நம் ஊர்க் குளிர்காலத்துச் சாலையுப்பு இந்த இணைப்பின் செப்பு முனைகளைப் பச்சையாக அரித்துவிடும் என்பதால், பழைய வாகனம் பார்க்கும்போது மூடியைத் திறந்து உள்ளே ஒரு முறை எட்டிப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் ஹூண்டாய் பலிசேட், கியா டெலுரைட் ஆகிய இரண்டிலும், துணைப்பொருளாக விற்கப்பட்ட இழுவை மின்வடத்தின் சுற்றுப்பலகையில் ஈரமும் அழுக்கும் சேர்ந்து தீப்பிடிக்கக்கூடும் என்று, குறையைத் திருத்துவதற்கான திரும்ப அழைப்பு வந்ததையும், வாகனத்தை வீட்டுக்கு வெளியே நிறுத்தும்படி உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டதையும் நினைவூட்டுகிறேன்.

இனி நம்பகத்தன்மை. எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இழுவை வேலையில் முதலில் சாவது பெரும்பாலும் கியர்பெட்டிதான். நிசான் பாத்ஃபைண்டர் இதற்குச் சரியான பாடம். 2013இல் வந்த மாதிரியிலிருந்து சிவிடி எனப்படும், பற்சக்கரப் படிகள் இல்லாத கியர்பெட்டி அதில் பொருத்தப்பட்டது. அதே வகைக் கியர்பெட்டியோடுதான் 2017இல் இழுவைத் திறன் 6,000 இறாத்தலாக உயர்த்தியும் அறிவிக்கப்பட்டது. தொடக்க ஆண்டு வாகனங்களில் நடுக்கமும் தடுமாற்றமும் பற்றிய முறைப்பாடுகள் குவிந்து, உத்தரவாதக் காலத்தை நிறுவனம் நீட்டிக்க வேண்டி வந்தது. 2022 மாதிரியில் சிவிடியைக் கைவிட்டு, ஒன்பது படிகள் கொண்ட வழக்கமான தானியங்கிக் கியர்பெட்டிக்கு மாறினார்கள். உச்ச எண்ணளவில் 2017 மாதிரிக்கும் 2022 மாதிரிக்கும் 6,000 இறாத்தல்தான். ஆனால் பழைய வாகனச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் முதல் வகையை ட்ரெயிலர் இழுப்பதற்காக யாரும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

டொயோட்டா ஹைலாண்டரில் 2017 முதல் 2022 வரை வந்த 3.5 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் எட்டுப் படிக் கியர்பெட்டியும் 5,000 இறாத்தலுக்குத் தகுதி பெற்றவை. டைமிங் சங்கிலி உள்ள எஞ்சின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. 2023இல் அந்த இடத்துக்கு 2.4 லீற்றர் டர்போ எஞ்சின் வந்தது. இழுவைத் திறன் மாறவில்லை, தாழ்ந்த வேகத்தில் உந்துவிசை கூடியிருக்கிறது, ஆனால் நீண்ட கால உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். ஹைலாண்டர் ஹைபிரிட் எரிபொருளை மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்கார வாகனம். எனினும் அதன் எல்லை 3,500 இறாத்தல், 1,588 கிலோ. நம் 1,600 கிலோ ட்ரெயிலரை அது தொடக்கூடாது. ஹோண்டா பைலட்டின் நான்கு சக்கர உந்து வகை 5,000 இறாத்தல் இழுக்கும். சில ஆண்டுகளின் பைலட் கையேட்டில், ஏறும் ஆட்களின் எண்ணிக்கை கூடக்கூட இழுவை எல்லை குறைவதை அட்டவணையாகவே போட்டிருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நற்பெயர் பெற்ற எஞ்சின் என்றாலும், 2023 நவம்பரில் முந்தைய சில ஆண்டுகளின் பைலட் சிலவற்றுக்கு எஞ்சினுக்குள் உள்ள இணைப்புத் தண்டின் தாங்கியில் தேய்மானம் ஏற்படக்கூடும் என்று திரும்ப அழைப்பு வந்தது. ஆகவே பழைய பைலட் வாங்குகிறவர்கள் அதன் அடையாள எண்ணைக் கொடுத்து அந்தத் திருத்தம் முடிந்ததா என்று கேட்டறிய வேண்டும்.

பாத்ஃபைண்டர், ஹைலாண்டர், பைலட் ஆகிய இந்த மூன்றிலும் எஞ்சின் குறுக்கே கிடக்கிறது. முன்சக்கர உந்துக்கு வகுத்த அமைப்பு. ஜீப் கிராண்ட் செரோக்கியும் டாட்ஜ் டுராங்கோவும் நீளவாக்கில் எஞ்சின் கொண்ட, பின்சக்கர உந்தை அடிப்படையாகக் கொண்ட வாகனங்கள். 3.6 லீற்றர் எஞ்சினோடு உரிய தொகுதி பொருத்தினால் அவை 6,200 இறாத்தல் இழுக்கும். இழுப்பதற்கு மட்டும் என்றால் எனக்கு இந்த அமைப்பே மேல். ஆனால் கிராண்ட் செரோக்கியின் திரும்ப அழைப்புப் பட்டியல் நீளமானது. பத்தாண்டு வைத்திருக்க நினைக்கும் குடும்பத்துக்கு அதை நான் தயங்கித்தான் சொல்வேன்.

நிரப்பிய ட்ரெயிலர் 1,600 கிலோவுக்குள் இருந்து, வாகனத்தில் நால்வர் மட்டும் போவதானால், இழுவைத் தொகுதியுள்ள 2017 முதல் 2022 வரையான ஹைலாண்டரை முதலாவதாகவும் பைலட்டை இரண்டாவதாகவும் சொல்வேன். நிரப்பிய எடை 2,000 கிலோவைத் தாண்டினால், அல்லது ஆறு ஏழு பேர் ஏறுவதானால், நடுத்தர எஸ்யூவியை விட்டுப் பெரிய வாகனத்துக்குப் போவதே முறை. இல்லையேல் சிறிய ட்ரெயிலரை வாங்குங்கள். எதை வாங்கினாலும் பராமரிப்பு அட்டவணையில் ‘கடும் பயன்பாடு’ என்ற பகுதி உங்களுக்குரியது. கியர்பெட்டி எண்ணெய் வாழ்நாள் முழுதும் போதும் என்ற பேச்சு, ட்ரெயிலர் இழுக்காதவருக்குச் சொன்ன பேச்சு.

கடைசியாக ஒரு வேலை. 401 ஓரத்து லொறித் தரிப்பிடங்களில் எடைமேடை உண்டு. சிறு கட்டணத்துக்கு முன்னச்சு, பின்னச்சு, ட்ரெயிலர் அச்சு ஆகிய மூன்றையும் தனித்தனியே நிறுத்துச் சீட்டுத் தருவார்கள். முதல் பயணத்தன்று, ஆட்களும் தண்ணீரும் சாமானும் ஏறிய நிலையில் நிறுத்துப் பார்த்து, கதவோரத்தில் உள்ள மற்றைய சீட்டில் ஒவ்வோர் அச்சுக்கும் எழுதியிருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். பின்னச்சு மிஞ்சினால், பின்பெட்டியில் உள்ள குளிர்ப்பெட்டியைத் தூக்கி ட்ரெயிலரின் அச்சுக்கு நேர்மேலே வையுங்கள். தொட்டித் தண்ணீரை முகாமில் நிரப்பிக்கொள்ளலாம் என்று இங்கேயே வடித்துவிட்டு, ட்ரெயிலரின் முன்முனை அழுத்தம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மீண்டும் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.