மூன்று எழுத்து ஒட்டினால் ஷூ மாஸ்கோ போய்விடுமா?

(காட்சி: ஆம்பூர். ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் ஹால். நீளமான மேசை. ஒரு பெண் ஷூ பெட்டிகளின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.)

வணக்கம். அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ரஷ்ய மொழியில் பத்துப் பன்னிரண்டு வரி. கீழே, மூலையில், இ, ஏ, சி என்று மூன்று எழுத்து: ரஷ்யாவும் அதோடு ஒன்றியமாக இருக்கும் நாடுகளும் கேட்கிற இணக்க முத்திரை. கட்டை கட்டையாக, ஒரு சதுரத்துக்குள் அடங்குகிற மாதிரி.

"பாய், இந்த மூன்று எழுத்துக்கா இத்தனை நாள் அலைந்தோம்?" என்று இங்கே பேக்கிங் சூப்பர்வைசர் கேட்டார். ஆமாம், இதற்குத்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோலும் ஷூவும் ஏற்றுமதி செய்பவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பி அனுப்பிக் கை பழகியவர்கள். அவர்களே ரஷ்யப் பக்கம் திரும்பும்போது முதலில் தடுக்கி விழுவது இந்த ஸ்டிக்கரில்தான். நான் ஏற்றுமதி டாக்குமென்ட் வேலை பார்ப்பவன். நானும் விழுந்திருக்கிறேன். அதையும் சொல்கிறேன்.

(காட்சி: வரைபடம். ஐந்து நாடுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.)

ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான் மூன்றும் 2010இல் ஒரு சுங்க ஒன்றியம் ஆயின. 2015 ஜனவரி 1 முதல் அது யுரேசியப் பொருளாதார ஒன்றியம். அர்மேனியாவும் கிர்கிஸ்தானும் அதே ஆண்டில் சேர்ந்துகொண்டன. சுங்க ஒன்றியம் என்றால் வெளி எல்லை ஒன்றுதான். ஒரு கதவில் உள்ளே போன சரக்கு ஐந்து வீட்டுக்கும் போகலாம். அப்படியானால் அந்தக் கதவில் கேட்கிற கேள்வியும் ஒன்றாக இருக்க வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் பொதுவான தொழில்நுட்ப விதிமுறைகளைப் போட்டார்கள். முன்பு ரஷ்யாவுக்கென்று காஸ்ட் என்ற தரச் சான்றிதழ் தனியாக இருந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் "காஸ்ட் எடுத்தாச்சா" என்றுதான் கேட்பார்கள். ஷூவைப் பொறுத்தவரை இன்று கேட்க வேண்டியது இஏசி.

சோவியத் காலத்தில் இது எதுவும் கிடையாது. ரூபாய்க் கணக்கில் வியாபாரம், ஷூ அப்பர்கள், அதாவது ஷூவின் மேல்பாகங்கள், மூட்டை மூட்டையாகப் போயின. 1991இல் அந்தத் தேசமே இல்லாமல் போனபோது இந்தத் தொழிலுக்கு விழுந்த அடியை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

(காட்சி: மேசை மேல் மூன்று ஷூக்கள். லோஃபர், கறுப்புப் பள்ளி ஷூ, முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ.)

மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே தைத்தவை. ஆனால் அந்த எல்லையில் மூன்றும் மூன்று சட்டம். பெரியவர்கள் போடும் லோஃபருக்கு 017/2011, இலகு தொழில் பொருட்களின் பாதுகாப்பு விதி. 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பள்ளி ஷூவுக்கு 007/2011, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான பொருட்கள். 18 வயது வரை அதற்குள் வரும், கெடுபிடியும் அதிகம். சேஃப்டி ஷூ 019/2011, தற்காப்புச் சாதனங்கள். "சேஃப்டி ஷூவுக்கு சிஇ இருக்கிறதே" என்பார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் முத்திரை. இந்தக் கதவில் அது செல்லாது.

எந்தச் சட்டம் என்பதைக் காட்டிக் கொடுப்பது சரக்கின் எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கத்தில் சரக்கை வகை பிரிக்கும் எண். மேல்பாகம் தோலாக இருந்தால் 6403. உலோக முனை வைத்திருந்தால் 6403.40. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. அதற்கு அப்புறம் நம் நாட்டில் எட்டு இலக்கம், அவர்களிடம் பத்து இலக்கம். நம் ஷிப்பிங் பில்லில், அதாவது நம் சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணத்தில், உள்ள எட்டை அப்படியே தூக்கி அவர்களுடைய விண்ணப்பத்தில் போடக் கூடாது. அவர்களுடைய பத்து இலக்கத்தை வாங்குபவரிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, தாள் இரண்டு வகை. ஒன்று சான்றிதழ்: அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்பு தன் பொறுப்பில் தருவது. மற்றது பிரகடனம்: "இந்தப் பொருள் விதிப்படி இருக்கிறது" என்று விண்ணப்பதாரரே கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது. பெரியவர்களுக்கான சாதாரண ஷூவுக்குப் பிரகடனம் போதும். இரண்டுக்கும் முத்திரை அதே மூன்று எழுத்துதான்.

(காட்சி: ஒரு படிவம். "விண்ணப்பதாரர்" என்ற கட்டம் பெரிதாகிறது.)

இந்தக் கட்டத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பணமும் காலமும் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஷூ செய்தது நீங்கள். டெஸ்ட்டுக்குப் பணம் கட்டியதும் நீங்களாக இருக்கலாம். ஆனால் பிரகடனத்தின் விண்ணப்பதாரர் நீங்கள் இல்லை. அவர் அந்த ஐந்து நாடுகளில் ஒன்றில் பதிவான நிறுவனமாகவோ தனி வணிகராகவோ இருந்தே ஆக வேண்டும். ஆம்பூர் முகவரிக்கு அந்தக் கட்டத்தில் இடமே கிடையாது. பின்னால் ஷூவில் கோளாறு என்றால் பிடித்துக் கேட்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அதற்காக.

அந்த ஆள் யார்? இரண்டு வழி. உங்கள் சரக்கை வாங்கும் இறக்குமதியாளரே ஒரு குறிப்பிட்ட பேட்ச்சுக்கு எடுப்பது முதல் வழி. தாளில் ஒப்பந்த எண், இன்வாய்ஸ் எண், ஜோடிக் கணக்கு எல்லாம் இருக்கும். அந்தப் பேட்ச் முடிந்ததும் தாளின் ஆயுளும் முடிந்தது. இரண்டாவது, தொடர் உற்பத்திக்கு எடுப்பது. இதற்கு அங்கே ஒருவரை உங்கள் அதிகாரப்பூர்வப் பிரதிநிதியாக நியமித்து ஒப்பந்தம் போட வேண்டும். வெறும் இறக்குமதியாளர் என்ற தகுதியில் இதை எடுக்க முடியாது.

முதல் வழி சுலபம், செலவு குறைவு. நம் ஆட்கள் அதில்தான் போவார்கள். பையரும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அடுத்த சீசனில் அந்த பையர் விலையைக் குறைக்கச் சொல்வார். நீங்கள் கஜகஸ்தானின் அல்மாட்டியில் வேறு பையரைத் தேடிப் பிடிப்பீர்கள். கையில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. சாம்பிளிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதே ஷூவுக்கு, அதே லாஸ்ட்டுக்கு, அதாவது ஷூ தைக்கும் அதே கால் அச்சுக்கு. பிரதிநிதி வைத்துத் தொடர் உற்பத்திக்கு எடுத்திருந்தால் ஐந்து நாட்டிலும் அது செல்லும், வேறு வாங்குபவருக்கும் பயன்படுத்த வழி இருக்கும். அந்த அனுமதியைப் பிரதிநிதியோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு ஷிப்மென்ட்டுக்கு மேல் போகும் என்று நம்பிக்கை இருந்தால் இரண்டாவது வழியில் போங்கள். என் கணக்கு இதுதான்.

(காட்சி: ஒரு பிரகடனத்தின் நகல். பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன.)

நான் விழுந்த கதைக்கு வருகிறேன். சில வருடம் முன்பு ஒரு ஏஜென்ட் "ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன், சாம்பிள் கூட வேண்டாம்" என்றார். சொன்னபடியே வாரத்தில் ஒரு பிடிஎஃப் வந்தது. பார்டர் என்ன, வாட்டர்மார்க் என்ன, கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும். ஷிப்மென்ட்டை ஏற்றிவிட்டோம். பையர் அங்கே எண்ணைப் போட்டுத் தேடினால் பதிவேட்டில் அப்படி ஒரு எண்ணே இல்லை. கன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்தது, வாடகை ஓடிக்கொண்டே இருந்தது. ஏஜென்ட்டின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கத்தான் ஆளில்லை.

அதற்கு அப்புறம் எந்தப் பிரகடனம் வந்தாலும் அலங்காரத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் படிக்கிறேன். படிக்கத் தெரிந்தால் அந்த எண்ணே பாதிக் கதை சொல்லும். முதலில் ஒன்றியத்தின் சுருக்கப் பெயர். அடுத்து இரண்டு எழுத்து நாட்டுக் குறி: ஆர்யூ என்றால் ரஷ்யாவில் பதிவானது, கேஇசட் என்றால் கஜகஸ்தான். ரஷ்யாவில் பதிவான எண் என்றால், பிறகு ஒரு ரஷ்ய எழுத்து. வீடு மாதிரி இருந்தால், அதாவது மேலே கூரை, கீழே இரண்டு கால், அது ரஷ்ய 'த', பிரகடனம். பிறை மாதிரி இருந்தால் சான்றிதழ். அதை ஒட்டி ஐஎன் என்று வர வேண்டும், உற்பத்தி நாடு இந்தியா. அங்கே சிஎன் என்று இருந்தால் அது ஏதோ சீன ஷூவுக்கு எடுத்த தாள், உங்கள் பெயரை மட்டும் அதில் ஒட்டியிருக்கிறார்கள். கடைசியில் சாய்கோடு போட்டு ஆண்டின் இரண்டு இலக்கம். ரஷ்யாவில் பதிவானவற்றை அங்குள்ள அங்கீகாரத் துறையின் இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு கிடையாது. இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை அன்று நான் செலவு செய்யவில்லை.

(காட்சி: ராணிப்பேட்டை. டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை. மர ட்ரம் சுழல்கிறது. நீலம் பூத்த ஈரத் தோல் வெளியே சரிகிறது.)

இப்போது டெஸ்ட். ஷூவின் அடிப்பாகமான சோலைப் பிய்த்துப் பார்ப்பார்கள், சாயம் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்ப்பார்கள், ஃபார்மால்டிஹைடு பார்ப்பார்கள். நல்ல கம்பெனிக்கு இவற்றில் பயமில்லை. தூக்கம் கெடுப்பது குரோமியம் ஆறு, குரோமியத்தின் நச்சு வடிவம்.

இந்த ஈரத் தோலுக்கு வெட் ப்ளூ என்று பெயர், அதன் நீலம் குரோமியம் மூன்றால் வருவது. ட்ரம்மில் போடுவது குரோமியம் சல்ஃபேட். அது தோலோடு கட்டிக்கொள்ளும், அவ்வளவு ஆபத்தில்லை. ஆறு வேறு ஜாதி. ஆறின் கெடுதலை ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சிப்காட் பக்கம் குவிந்து கிடந்த குரோமேட் கழிவும், நிறம் மாறிய கிணற்றுத் தண்ணீரும் பார்த்த ஊர். டேனரிக் கழிவுநீர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பு, இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம்.

ஆனால் ட்ரம்மில் ஆறைப் போடாமலேயே தோலில் ஆறு வரும். கொழுப்பேற்றும்போது போடுகிற ஃபேட் லிக்கர் மலிவாக இருந்தால், அதாவது சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும் எண்ணெயாக இருந்தால், தோலுக்குள்ளேயே மூன்று ஆறாக மாறும். நியூட்ரலைஸ் செய்யும்போது, அதாவது தோலின் அமிலத்தைக் குறைக்கும்போது, காரம் ஏறிப்போனாலும் மாறும். வறண்ட சூடு பட்டாலும் மாறும். சென்னையிலிருந்து விளாடிவோஸ்டோக் சுமார் 5600 கடல் மைல். இரும்புப் பெட்டிக்குள் வெயிலில் காய்ந்துகொண்டே போகிற ஷூ, இங்கே லேபில் பாஸ் ஆனது அங்கே ஃபெயில் ஆவது இப்படித்தான்.

(காட்சி: லேப். கண்ணாடிக் குடுவையில் நிறமில்லாத திரவம் மெல்ல ஊதாச் சிவப்பாகிறது.)

தோலைச் சிறிதாக வெட்டி, உப்புக் கரைசலில் மூன்று மணி நேரம் குலுக்கி, ஒரு வினைப்பொருளைச் சேர்ப்பார்கள். ஆறு இருந்தால் இந்த நிறம் வரும். ஐரோப்பாவில் 2015 மே மாதத்திலிருந்து தோலில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் வரம்பு. ஐரோப்பாவுக்கு அனுப்பும் டேனரிக்கு இது பாடமாகிவிட்டது. ரஷ்யாதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இரண்டாம் தரத் தோலை ஒதுக்குபவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அங்கேயும் பார்க்கிறார்கள். டேனரியில் ஆர்டர் கொடுக்கும்போதே, 80 டிகிரியில் 24 மணி நேரம் சூடேற்றி முதுமையாக்கிய பிறகு எடுத்த ரிப்போர்ட் கேளுங்கள். ஷூ தைத்து முடித்த பிறகு கேட்டால் டேனரிக்காரர் சிரிப்பார்.

நம் லேப் ரிப்போர்ட்டை அவர்கள் ஏற்பார்களா? பிரகடனத்தில் பல திட்டங்கள். சிலவற்றில் சொந்த ஆதாரம் போதும், சிலவற்றில் அந்த ஒன்றியத்தில் அங்கீகாரம் பெற்ற லேப்தான் சோதிக்க வேண்டும். உங்கள் ஷூவுக்கு எது என்பதைப் பிரதிநிதியிடம் முதல் நாளே கேளுங்கள். அங்கே சோதிக்கத்தான் வேண்டும் என்றால் சாம்பிள் ஜோடிகள் "சோதனைக்கு மட்டும்" என்ற கடிதத்தோடு போக வேண்டும். அவற்றுக்கு இஏசி தேவையில்லை.

(காட்சி: பழைய ஸ்டிக்கர் ஒன்று. ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.)

கடைசியாக ஸ்டிக்கர். ரஷ்ய மொழி கட்டாயம். சில நாடுகளில் அவர்கள் மொழியும் வேண்டும். பொருளின் பெயர், உற்பத்தி நாடு, உற்பத்தியாளர், இறக்குமதியாளர் முகவரி, சைஸ், மாடல், அப்பர், லைனிங், சோல் எதில் ஆனது, தயாரித்த தேதி, பராமரிப்பு முறை. முத்திரை குறைந்தது 5 மில்லிமீட்டர், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும்.

மொழிபெயர்ப்பை மெஷினிடம் விடாதீர்கள். இந்த வட்டத்துக்குள் இருக்கும் சொல் எங்கள் கைவேலை. சோல் என்று ஆங்கிலத்தில் கொடுத்தோம். அது ரஷ்யனில் "கடல் நாக்கு" என்று மாற்றிக் கொடுத்தது. என்ன என்று கேட்டால், மீன். நாம் நாக்கு மீன் என்கிறோமே, அதே மீன்! ஷூவின் அடிப்பாகம் மீனால் ஆனது என்று அச்சடித்து வைத்திருந்தோம். நல்ல வேளை, பெட்டி இந்த ஹாலைத் தாண்டவில்லை.

ரஷ்யாவுக்கு என்றால் இன்னொரு வேலையும் உண்டு. 2020 ஜூலை 1 முதல் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி டேட்டா மேட்ரிக்ஸ் குறி, அதாவது ஸ்கேன் செய்யும் சதுரக் குறி, கட்டாயம். செஸ்னி ஸ்னாக் என்பார்கள், நேர்மைக் குறி என்று அர்த்தம். குறியை பையர் அனுப்புவார், இங்கேயே ஒட்டலாம். ஜோடிக்கு ஜோடி வேறு குறி என்பதால் இடம் மாறினால் தொலைந்தது. 41 சைஸ் பெட்டியில் 42இன் குறி போனால் பிரித்துத் திருத்த அங்கே ஆள் கூலி கேட்பார்கள், அதுவும் ரூபிளில்.

2025 ஆகஸ்டில் இந்தியாவும் இந்த ஒன்றியமும் தடையற்ற வர்த்தகப் பேச்சுக்கான வரையறையில் கையெழுத்திட்டன. அது வந்தால் இஏசி வேண்டாமா என்று இப்போதே கேட்கிறார்கள். ஒப்பந்தம் வந்து வரி குறைந்தாலும் ஷூ பாதுகாப்பானதா என்று கேட்பது நிற்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே வரி இல்லாமல் சுற்றும் சேஃப்டி ஷூவிலும் சிஇ இருக்கத்தான் செய்கிறது.

(காட்சி: பேக்கிங் ஹால். அந்தப் பெண் கடைசிப் பெட்டியை கார்ட்டனில் வைக்கிறார். சூப்பர்வைசர் செல்போனில் பதிவேட்டைத் திறந்து, தாளைப் பார்த்து எண்ணை ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறார்.)

"பாய், வந்துவிட்டது. ஐஎன் இருக்கிறது. நம் கம்பெனி பெயரும் இருக்கிறது."

"ஸ்பெல்லிங்?"

"அதுவும் சரி."

"அப்படியானால் டேப் போடச் சொல்லுங்கள்."