நின்ற இடமும் எடுத்த நாளும்

(பயணப் புகைப்படக் கண்காட்சியின் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கண்காட்சியைத் திறந்துவைத்து, ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்று பார்த்துவிட்டு மேடையேறியிருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, நூலகத்தின் வாசிப்புக் கூடத்தையே மூன்று நாளைக்கு எங்களுக்கு விட்டுக்கொடுத்த நூலகர் அம்மையார் அவர்களே, சட்டம் அடிப்பதும் விளக்கு மாட்டுவதுமாக நேற்று இரவெல்லாம் கண்விழித்த இளைஞர்களே, அவர்களை மனமுவந்து அனுப்பிவைத்த பெற்றோர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் என் ஆசிரியப் பெருந்தகையே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆசிரியர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் மேலே செல்ல முடியாது. படம் கழுவும் இருட்டறையின் சிவப்பு விளக்கடியில், ரசாயனத் தட்டில் கிடந்த தாளை அவசரப்பட்டு நான் வெளியே இழுக்கப் போனபோது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பதறாத காரியம் சிதறாதப்பா, இன்னும் ஒரு நிமிஷம் பொறு" என்று சொன்னவர் அவர். அந்த ஒரு நிமிடத்தில் வெற்றுத் தாளிலிருந்து ஒரு தெருவும், தெருவிலிருந்து ஒரு வீடும், வீட்டிலிருந்து ஒரு சன்னலும் எழுந்து வந்தன. இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்தப் பழமொழிக்கு நான் எழுதும் உரை என்றே கொள்ளலாம்.

நான்கு செய்திகளைச் சொல்லலாம் என்று எண்ணி வந்திருக்கிறேன். மாறிக்கொண்டே இருக்கும் நகரத்தை எப்படிப் படமெடுப்பது என்பது ஒன்று. பாலைவனம் இரண்டாவது, கடற்கரை மூன்றாவது. எடுத்த படத்தோடு எவற்றையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்பது நான்காவது.

நகரத்திலிருந்து தொடங்குகிறேன். கேமராவில் எடுத்த படங்களுள் இன்று உலகில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது, பிரான்சு நாட்டில் நிசெஃபோர் நியெப்ஸ் என்பவர் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்தது. ஒளி பதிய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. காலையில் ஒரு பக்கமிருந்து விழுந்த வெயிலும் மாலையில் மறுபக்கமிருந்து விழுந்த வெயிலும் ஒரே தகட்டில் பதிந்திருப்பதால், எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களும் ஒளி பெற்றிருக்கின்றன. ஆனால் அந்தப் படம் 1826இல் எடுத்ததா, 1827இல் எடுத்ததா என்று கேட்டால் அறிஞர்கள் இரண்டு ஆண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஒரு பெருங்கலையின் பிறந்தநாளே நமக்குத் திட்டமாகத் தெரியவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது.

அடுத்து 1838இல் லூயி தகேர் பாரிசின் ஒரு பெருவீதியைப் படமெடுத்தார். வண்டியும் ஆளுமாக நிறைந்திருந்த அந்த வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியும் நேரமாகிய எக்ஸ்போஷர் பல நிமிடம் நீண்டதால் நடந்தவர் எவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போடுவதற்காக ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற ஒரு மனிதரும், அவர் காலடியில் குனிந்திருந்த தொழிலாளியும் மட்டும் பதிந்தார்கள். ஓடியவர்கள் மறைந்தார்கள், நின்றவர் நிலைத்தார். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு இதைவிடவும் சான்று வேண்டுமா?

அதே பாரிசை ஊஸ்மான் என்ற நிர்வாகி இடித்துத் திருத்திப் பெருஞ்சாலைகள் அமைத்தபோது, இடிபடவிருந்த குறுந்தெருக்களை 1860களில் ஷார்ல் மார்வில் என்னும் புகைப்படக் கலைஞர் நகர நிர்வாகத்தின் ஆணைப்படி ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். இடிக்கும் கையே பதிவு செய்யவும் சொன்னது என்பதை நம் சிறப்பு விருந்தினர் போன்ற பொறுப்பில் இருப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் பெரனிஸ் அபாட் அம்மையார் எட்டாண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்துவிட்டு 1929இல் நியூயார்க் திரும்பியபோது, தாம் விட்டுச்சென்ற நகரம் அங்கே இல்லை. பழைய வீடுகளின் தோளுக்கு மேலே வானளாவிய கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. பிறகு பல ஆண்டுகள் பெரிய கேமராவைச் சுமந்து தெருத்தெருவாகச் சென்று அந்த மாற்றத்தைப் பதிந்தார். அவர் படம் மட்டும் எடுக்கவில்லை, எந்தத் தெரு, எந்த முனை, எந்த நாள் என்பதையும் குறித்து வைத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து டக்ளஸ் லெவெரே என்ற இளைய கலைஞர் அதே இடங்களில், அதே பருவத்தில், அதே வேளையில் நின்று மீண்டும் படமெடுக்க முடிந்ததற்குக் காரணம் அந்தக் குறிப்புகள்தாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நிழல்கூட அதே இடத்தில் விழுகிறது. மாறியது நகரம் மட்டும்தான் என்று ஐயமில்லாமல் தெரிகிறது. நிழலும் மாறியிருந்தால், எது காலத்தின் வேலை, எது வெயிலின் வேலை என்று பிரித்தறிய வழியேது?

பாலைவனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1867இல் திமொத்தி ஓ'சல்லிவன் என்ற புகைப்படக் கலைஞர் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து மணற்குன்றுகளிடையே கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியையே இருட்டறையாக்கிக்கொண்டு போனார். கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய முறை அது. பாலை வெயிலில் அதற்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும்! அந்தப் படத்தில் வண்டியிலிருந்து கேமரா இருக்கும் இடம்வரை அவருடைய காலடித் தடங்கள் தெரிகின்றன. மணலில் ஒரு மனிதன் எங்கே நின்றான் என்பதற்கு இப்படி ஒரு சாட்சி அரிது. வில்ஃபிரட் தெசிகர் என்ற ஆங்கிலேயப் பயணி 1940களில் அரேபியாவின் பெரும் மணற்பரப்பைப் பதூவின் என்னும் நாடோடி மக்களோடு ஒட்டகத்தில் கடந்தபோது, கேமராவில் மணல் புகாமல் ஆட்டுத்தோல் பையில் வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் அவர் சேர்த்த ஏறத்தாழ 38,000 நெகட்டிவ்கள் இன்று ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவர் கண்ட துபாயில் காற்றுக்கோபுர வீடுகளும் கடற்கழியில் நின்ற மரக்கலங்களும் இருந்தன. அதே துபாயில் 2010இல் 828 மீட்டர் உயரக் கட்டடம் திறக்கப்பட்டது. ஒரு மனிதரின் ஆயுளைவிடச் சிறிய கால இடைவெளி அது.

பாலைவனத்தில் உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். மணலின் மடிப்பும் அலைவரியும் சூரியன் தாழ்ந்து சாய்ந்திருக்கும் வேளையில்தான் நிழல் பெற்று எழும். காற்றடிக்கும்போது லென்ஸைக் கழற்றாதீர்கள். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரில் ஒரு மணல்துகள் ஒட்டினால் அடுத்த ஊர்வரை ஒவ்வொரு வானத்திலும் அந்தப் புள்ளி தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, மணற்குன்றுகள் நகர்கின்றன, பெரியவற்றைவிடச் சிறியவை விரைவாக நகர்கின்றன. ஆகவே அசையாத பாறை ஒன்றையோ மலைவிளிம்பையோ சட்டத்திற்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலை என்பது தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் தோன்றுவது என்று நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். திரிந்ததைக் காட்ட வேண்டுமானால் திரியாத ஒன்றும் படத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

இனி கடற்கரை. கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்கிறது. பளீரென்ற மணலைக் காட்டினால், இவ்வளவு வெளிச்சம் ஆகாது என்று குறைத்துவிடும். மணல் அழுக்காக விழும். ஆகையால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வையுங்கள். 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்ட குஸ்தாவ் லெ கிரே என்ற மேதைக்குக் கடற்கரை வெளிச்சத்தின் தொல்லை நன்றாகவே தெரியும். ஆனால் கடற்கரையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒளியின் கதையன்று.

பல ஆண்டுகளுக்கு முன் இதுபோன்றதொரு கண்காட்சியில் நான் எடுத்த கடற்கரைப் படம் ஒன்று இருந்தது. முன்னால் ஒரு கல்மேடை, அதன்மேல் காயப்போட்ட வலை, அப்பால் வரிசையாகப் படகுகள், ஓரத்தில் நாலைந்து வீடுகள். ஒரு பெரியவர் வந்தார். எல்லாப் படத்தையும் தாண்டிக்கொண்டு நேரே இதன் முன் போய் நின்றவர், நகரவே இல்லை. ஆள்காட்டி விரலைக் கண்ணாடியின்மேல் படாமல் பிடித்துக்கொண்டு, மேடையிலிருந்து தண்ணீர்வரை படகுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினொன்று. மறுபடியும் எண்ணினார், பதினொன்று. பிறகு என்னிடம் வந்து, "ஐயா, இது எங்க ஊரு. இந்த மேடை இப்போ தண்ணிக்குள்ள கெடக்கு. இதை எந்த வருஷம் எடுத்தீங்க?" என்று கேட்டார்.

நான், "ஒரு இருபது, இருபத்தைந்து வருஷம் இருக்கும் ஐயா" என்றேன். அவர் முகம் வாடியது. "திட்டமாத் தெரிஞ்சா நல்லாருக்கும் ஐயா. கரை எவ்வளவு போயிருக்குன்னு மனு எழுதிக்கிட்டிருக்கோம். அதுக்கு ஒரு கணக்கு வேணும்" என்றார்.

அன்றிரவே பெட்டியைத் திறந்து நெகட்டிவ் உறையைத் தேடி எடுத்தேன். அதன்மேல் என் கையெழுத்தில், "கடற்கரை, மாலை" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். உருப்பெருக்கியை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஒரு வீடு பாதிக் கட்டடமாக நின்றது. சுவர் நிலைப்படிக்கு மேல் எழும்பியிருக்கிறது, தளம் போடவில்லை. மறுநாள் அந்த ஊருக்கே போனோம். வீட்டுக்கார அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், "இது நம்ம வீடுதானே! தளம் போடக் காசில்லாம அப்படியே நின்னுச்சு. என் மூத்தவ வயித்துல இருந்தா அப்போ" என்றார். மூத்த மகள் உள்ளேயிருந்து வந்து தன் பிறந்த ஆண்டைச் சொன்னாள். கூடியிருந்த அனைவரும் ஆரவாரம் செய்தார்கள். பெரியவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒரு பெண்ணின் பிறப்பைக் கொண்டு ஒரு படத்துக்கு ஆண்டு கண்டோம்.

படத்தை மனுவோடு இணைத்து ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பொறியாளர் பொறுமையாகப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார். "எந்த மாதம்? கடல் ஏறியிருந்த நேரமா, வற்றியிருந்த நேரமா?" அவர் கேட்டது நியாயம். அலை ஓங்கும் பருவத்தில் கடல் மணலை இழுத்துக்கொண்டு போகிறது, அமைதியான பருவத்தில் அதே மணலைக் கொண்டுவந்து சேர்க்கிறது; ஆண்டுக்குள்ளேயே கரை குறுகி விரிகிறது, நாளுக்குள்ளேயே தண்ணீர் ஏறி இறங்குகிறது. பதினொரு படகு நீளத்தில் எத்தனை படகு நீளம் பருவத்துக்கு உரியது, எத்தனை நிரந்தர இழப்பு என்று என் படத்தால் சொல்ல முடியவில்லை. அந்தப் படம் கோப்பில் சேர்க்கப்படாமல் திரும்பி வந்தது. பெரியவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெயில் சாய்வதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், மாதத்தையும் மணியையும் எழுத அரை நிமிடம் நிற்காதவன் நான். பதறாத காரியம் சிதறாது. நான் பதறியது ஓர் ஊரின் கணக்கைச் சிதறடித்தது.

அதனால்தான் போகும் மேடைதோறும் இதையே சொல்லி வருகிறேன். எடுத்த நாள், மணி, நின்ற இடம், கேமரா நோக்கிய திசை ஆகிய நான்கையும் ஒவ்வொரு படத்தோடும் எழுதுங்கள். கைப்பேசி தானாகவே பதிந்துகொள்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். பதிகிறது, உண்மைதான். ஆனால் படத்தைச் செய்திச் செயலி வழியாக நண்பருக்கு அனுப்பினால் பெரும்பாலும் அந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. படத்தின் அளவும் சுருங்கிவிடுகிறது. வெளிநாட்டுப் பயணத்தில் கேமராவின் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற மறந்தால், பிற்பகல் எடுத்த படம் நள்ளிரவு என்று பொய் சொல்லும். மூலக் கோப்பை வேறிடத்தில் தனியாகச் சேமியுங்கள். முக்கியமானவற்றை அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள், பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் வரியாகத் தெரியும். முடிந்தால் ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்துக்குப் போய், அதே மாதத்தில், அதே திசையில் நின்று மீண்டும் ஒரு படம் எடுங்கள்.

நூலகர் அம்மையாரிடம் ஒரு விண்ணப்பம். இந்தக் கூடத்தில் ஓர் அலமாரியைப் பயணிகளின் படங்களுக்கென்று ஒதுக்கித் தர வேண்டும். குறிப்பில்லாத படத்தை அதில் வாங்க வேண்டாம். சிறப்பு விருந்தினர் அவர்களிடம், ஒரு தெருவை இடிப்பதற்கு முன் அதன் இரு முனையிலிருந்தும் படமெடுத்து வைப்பதை ஒரு நடைமுறையாக்கப் பரிந்துரைக்குமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசியாக ஒன்று. வாசலுக்கு அருகே உள்ள மேசையில் பென்சில்களும் சிறு அட்டைகளும் வைத்திருக்கிறோம். இடது சுவரில் மூன்றாவதாக இருக்கும் கல்மேடைப் படத்தின் கீழே மாதத்துக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்த வலை எந்த மாதத்தில் காய்ந்திருக்கும், அந்த நிழல் எத்தனை மணிக்கு விழுந்திருக்கும் என்று கணிக்கத் தெரிந்தவர் எவரேனும் இங்கே இருந்தால், அட்டையில் எழுதி நூலகர் அம்மையாரிடம் கொடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.