மல்யுத்தக் கதையை எழுதுவது ரசிகர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எங்கள் அணித் தோழர்களே, அவையில் கூடியிருக்கும் ரெஸ்லிங் ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

"தொழில்முறை மல்யுத்தத்தின் போக்கைத் தீர்மானிப்பது நிறுவனமே" என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். அவர் வைத்த வாதம் மூன்று. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது நிறுவனம். டபிள்யூசிடபிள்யூ என்ற போட்டி நிறுவனத்தையே விலைக்கு வாங்கியவர், டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் முதலாளியாக இருந்த வின்ஸ் மக்மேன். கனடாவின் மாண்ட்ரியலில் அந்த நாட்டு வீரர் பிரெட் ஹார்ட்டுக்கே தெரியாமல் பிரெட் ஹார்ட்டைத் தோற்கடித்தார்களே, அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? இப்படிக் கேட்டுவிட்டு மேசையையும் ஒரு தட்டு தட்டினார்.

முதல் வாதத்துக்கு வருகிறேன். ஆமாம், முடிவு எழுதப்பட்டதுதான். இதை இன்று யாரும் ரகசியமாக வைத்திருக்கவில்லை. 1989-லேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டில், இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்குதான் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. ஆனால் எதிரணி கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கிரிக்கெட்டில் மைதானம் காலியாக இருந்தாலும் சிக்சர் சிக்சர்தான், ஆறு ரன் கணக்கில் ஏறிவிடும். ரெஸ்லிங்கில் அப்படி ஏறுவதற்குக் கணக்கே கிடையாது. யார் ஜெயிப்பார் என்று எழுதியாகிவிட்டது. எந்த அடியோடு முடியும் என்றும் பேசியாகிவிட்டது. எழுதாமல் விட்டிருக்கும் ஒரே பகுதி, கூட்டத்தின் குரல். அந்தக் குரல் எழுதி வைத்ததை எத்தனை முறை அடித்துத் திருத்தியிருக்கிறது என்று பார்ப்போம்.

2002 மார்ச் 17. கனடாவின் டொரண்டோ நகரம், ஸ்கைடோம் அரங்கம், நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 18. கூட்டம் 68,000-க்கும் மேல். ஒரு பக்கம் தி ராக். இன்னொரு பக்கம் ஹல்க் ஹோகன். கதைப்படி ஹோகன்தான் வில்லன். அதுவும் சாதாரண வில்லன் இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் ராக் படுத்திருந்த ஆம்புலன்ஸ் மீது லாரியைக் கொண்டுபோய் மோதியவர். நிறுவனம் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும், இவரைத் திட்டுங்கள், அவருக்குக் கைதட்டுங்கள் என்று?

மணி அடிக்கிறது. இருவரும் தோளைப் பிடித்து மல்லுக்கு நிற்கிறார்கள். ஹோகன் ஒரே தள்ளாகத் தள்ளுகிறார், ராக் கீழே விழுகிறார். ஹோகன் புஜத்தை மடக்கிக் காட்டுகிறார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது! ராக் அடித்தால் 'பூ' என்று வெறுப்போடு கத்துகிறார்கள். மேடையில் நிற்கும் இருவருக்கும் அப்போதே புரிந்துவிடுகிறது. அந்த மேட்சை மறுபடி போட்டுப் பாருங்கள், ராக்கின் உடல்மொழி மாறுவது கண்ணுக்குத் தெரியும். அடி முரடாகிறது, முகத்தில் ஏளனம் ஏறுகிறது, ஹோகன் கழற்றி அடித்த இடுப்பு வார்ப்பட்டையைத் தானும் எடுத்து விளாசுகிறார். ஹோகன் அடி வாங்க வாங்க வீரம் ஏறும் அந்தப் பழைய ஆட்டத்துக்குத் திரும்புகிறார். மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாயகனும் வில்லனும் இடம் மாறிக்கொண்டார்கள். ஜெயித்தது ராக்தான், அந்த ஒரு வரியை நிறுவனம் எழுதியபடியே முடித்தது. மற்றதெல்லாம் டொரண்டோ எழுதியது. அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஹோகன் பழையபடி மஞ்சளும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு வந்தார். அடுத்த மாதமே ட்ரிபிள் எச்சை வென்று சாம்பியனும் ஆனார்.

"அது ஒரு ராத்திரிக் கதை, ஹோகனின் பழைய புகழ் செய்த வேலை" என்பார்கள். சரி, புகழே இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். டேனியல் பிரையன். உயரம் குறைவு, மலை மாதிரி உடம்பும் இல்லை. 2012 ரெஸில்மேனியாவில் உலக சாம்பியனாக உள்ளே வந்தவரை 18 விநாடியில் ஷேமஸிடம் தோற்கடித்து அனுப்பினார்கள். பதினெட்டே விநாடி! மறுநாள் இரவு, வாரந்தோறும் டிவியில் வரும் 'ரா' நிகழ்ச்சியில், மேடையில் யார் பேசினாலும் கூட்டம் "யெஸ்! யெஸ்! யெஸ்!" என்று பிரையனின் கோஷத்தையே போட்டுக்கொண்டிருந்தது.

2014 ஜனவரி, பிட்ஸ்பர்க், ராயல் ரம்பிள். முப்பது பேர் மோதும் அந்த மேட்சில் ஜெயிப்பவருக்கு ரெஸில்மேனியாவில் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு. பிரையன் வருவார், வருவார் என்று கூட்டம் காத்திருக்கிறது. கடைசி ஆளாக, முப்பதாவதாக வந்தவர் ரே மிஸ்டீரியோ. உலகமே நேசிக்கும் மனிதர் அவர். அவரையும் அன்றைக்குக் கத்தித் தீர்த்தார்கள். அவர் மீது கோபமில்லை, அவர் பிரையன் இல்லை என்ற கோபம். அப்போதுதான் திரும்பி வந்திருந்த படிஸ்டா ஜெயித்தார், கூச்சல் இன்னும் கூடியது. படிஸ்டாவும் சாம்பியன் ராண்டி ஆர்டனும் மோதுவது என்றுதான் திட்டம். நடந்தது என்ன? ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ், ரெஸில்மேனியா. பிரையன் முதலில் ட்ரிபிள் எச்சை வென்றார், அதே இரவில் ஆர்டனும் படிஸ்டாவும் இருந்த மேட்சிலும் படிஸ்டாவைத் தரையில் தட்டிச் சரணடைய வைத்தார். சாம்பியன் பெல்ட் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நின்றபோது அரங்கமே விரலை உயர்த்திக் கத்தியது. நிறுவனம் தேர்ந்தெடுத்த முகங்கள் இரண்டும் தரையில் கிடந்தன.

இதே வரிசையில் பெக்கி லிஞ்சையும் சொல்ல வேண்டும். வில்லியாக்க நினைத்து பெக்கியை நிறுவனம் திருப்பிவிட்டது. ரசிகர்கள் அன்றிலிருந்துதான் அவரைத் தலையில் தூக்கி வைத்தார்கள். 2019-ல் ரெஸில்மேனியாவின் நிறைவு மேட்சிலேயே பெக்கியும் சேர்ந்து பெண்கள் ஆடினார்கள், வரலாற்றில் முதல் முறையாக.

எதிரணித் தங்கை ஒருவர் அடிகளைப் பற்றிப் பேசினார். "பைல்டிரைவரைத் தடை செய்தது நிறுவனம், யார் எந்த அடி அடிக்கலாம் என்று சொல்வதும் நிறுவனம்" என்றார். பைல்டிரைவர் என்பது எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை தரையை நோக்க இறக்கும் அடி. அந்தத் தடை சரியானது, நானும் கைதட்டுகிறேன். 1997 சம்மர்ஸ்லாமில் அந்த வகை அடியில்தான் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து போனது. மேடை என்பது இரும்புச் சட்டம், மேலே பலகை, அதற்கு மேல் மெல்லிய மெத்தை, ஒரு துணி, அவ்வளவுதான். விழுகிறவர் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, இரண்டு கையாலும் தரையை அறைந்து வேகத்தைப் பிரிக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் தலை முதலில் இறங்கும். இதைப் பொய்ச் சண்டை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆனால் தங்கையே, தடை செய்வது வேறு, ஒரு அடிக்கு உயிர் கொடுப்பது வேறு. ஸ்டன்னரை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் ஒரு உதை, திரும்பி நின்று எதிராளியின் தாடையைத் தோளில் தாங்கி, சட்டென்று கீழே உட்காருவது. இரண்டு விநாடி வேலை. ஆஸ்டினுக்கு முன்னால் அது பெரிய பேர் எடுத்த அடி இல்லை. உதை விழுந்ததுமே இருபதாயிரம் பேர் இருக்கையை விட்டு எழுந்தார்கள் பாருங்கள், அதில்தான் அந்த அடிக்கு உயிர் வந்தது. எதிராளியின் தலையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு பின்னால் விழுந்து, அந்தத் தலையைத் தரையில் மோத வைக்கும் அடி டிடிடி. 80-களில் ஜேக் ராபர்ட்ஸ் டிடிடி போட்டால் மேட்ச் முடிந்தது என்று அர்த்தம். இன்று அதே டிடிடி மேட்சின் நடுவில் வந்து போகிறது. எந்த நிர்வாகமும் உத்தரவு போட்டு அதன் மதிப்பைக் குறைக்கவில்லை. கூட்டம் பயப்படுவதை நிறுத்தியது, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பெரிய ஆயுதம், மாண்ட்ரியல். 1997 நவம்பர் 9. பிரெட் ஹார்ட் போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவுக்குப் போகப்போகிறார். சொந்த நாட்டில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்கிறார். பேசி வைத்த முடிவு வேறு. மைக்கேல்ஸ், கால்களை மடக்கி முறுக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போட்டதும், பிரெட் சரணடையாமலேயே, மேடை ஓரத்தில் நின்ற வின்ஸ் மக்மேன் மணியை அடிக்கச் சொன்னார். ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர் கையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டார். அதில் நிறுவனத்தின் கை ஓங்கியது உண்மை. அந்த அநியாயம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் மறுநாளில் இருந்து என்ன நடந்தது? அதுவரை டிவியில் வர்ணனையாளராகச் சிரித்துக்கொண்டிருந்தவர் மக்மேன். அவரை மக்கள் விடவில்லை. போன இடமெல்லாம் கூச்சல். வேறு வழியில்லாமல் அவர் 'மிஸ்டர் மக்மேன்' என்ற கொடுங்கோல் முதலாளி ஆனார். அந்த முதலாளியை எதிர்க்கும் தொழிலாளியாக ஆஸ்டின் நின்றார். 83 வாரம் தொடர்ந்து டிவி பார்வையாளர் எண்ணிக்கையில் டபிள்யூசிடபிள்யூவிடம் தோற்றுக்கொண்டிருந்த 'ரா', 1998 ஏப்ரலில் முந்தியது. அந்த இரவு காட்டிய பெரிய விஷயம் ஆஸ்டின்-மக்மேன் மோதல்தான். நிறுவனத்தின் முதலாளிக்கே வேஷம் கொடுத்தவர்கள் ரசிகர்கள். எதிரணி தூக்கி வந்த ஆயுதம் எங்கள் பக்கத்துச் சாட்சி, நடுவர் அவர்களே.

சரி, டபிள்யூசிடபிள்யூவை வாங்கினார்களே? வாங்கினார்கள், 2001 மார்ச்சில். ஏன் அது விற்கும் நிலைக்கு வந்தது? 1999 ஜனவரி 4, அட்லாண்டா, டபிள்யூசிடபிள்யூவின் நிகழ்ச்சி. கெவின் நாஷும் ஹோகனும் சாம்பியன் பட்டத்துக்கு மோதுகிறார்கள். ஹோகன் ஒரு விரலால் நாஷின் நெஞ்சைத் தொடுகிறார். நாஷ் மல்லாந்து விழுகிறார். பட்டம் கைமாறிவிட்டது! டிக்கெட் வாங்கி வந்தவன் முகத்தில் அடித்தது போல. அதே இரவு அவர்களுடைய வர்ணனையாளர், எதிர் சேனலில் மிக் ஃபோலி ஜெயிக்கப் போகிறார் என்று கேலியாகச் சொன்னார். கேட்டவர்கள் லட்சக்கணக்கில் சேனலை மாற்றிப்போய் ஃபோலி ஜெயிப்பதைப் பார்த்தார்கள். ரசிகன் கைவிட்ட நிறுவனத்தைத்தான் மக்மேனால் வாங்க முடிந்தது.

நம் ஊரில் டென் ஸ்போர்ட்ஸில் பார்த்தும் பள்ளிக்கூடத்தில் டிரம்ப் கார்டு ஆடியும் வளர்ந்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். 2020-ல் நீங்கள் பார்த்ததை நினைத்துப் பாருங்கள். கொரோனா. டாம்பா மைதானத்தில் நடக்க வேண்டிய ரெஸில்மேனியா, ஆர்லாண்டோவில் ஒரு பயிற்சிக் கூடத்தில், ஒரு ரசிகர்கூட இல்லாமல் நடந்தது. எழுத்தாளர்கள் இருந்தார்கள், வீரர்கள் இருந்தார்கள், பெல்ட் இருந்தது, பணமும் இருந்தது. நாம் மட்டும் இல்லை. ரெஃப்ரி மூன்று எண்ணி மேட்சை முடித்ததும் வரும் அமைதியைக் கேட்கச் சகிக்கவில்லை. ஆகஸ்ட்டில் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? அரங்கைச் சுற்றி எல்இடி சுவர் எழுப்பி, வீட்டில் இருக்கும் ரசிகர்களின் முகத்தை அதில் ஓடவிட்டது. பதிவு செய்த கைதட்டலையும் கூச்சலையும் ஒலிக்கவிட்டது. எல்லாம் எங்கள் கையில் என்கிற நிறுவனம் எதற்காக ஐயா ரசிகனின் குரலைச் செயற்கையாகச் செய்தது?

"அந்தக் காலத்தில்தானே ரோமன் ரெயின்ஸ் பெரிய நட்சத்திரம் ஆனார்" என்று எதிரணியில் இருந்து ஒரு குரல் கேட்கிறது. 2015 முதல் 2018 வரை நான்கு ரெஸில்மேனியாவின் நிறைவு மேட்சிலும் அவரை நாயகனாக நிறுத்தினார்கள். நான்கிலும் கூச்சல். அண்டர்டேக்கரை அவர் தோற்கடித்த மறுநாள், நிமிடக் கணக்கில் அவரை வாயே திறக்கவிடவில்லை. இவர் வில்லனாக வந்தால் பொருந்தும் என்று ரசிகர்கள் பல வருடமாகச் சொன்னதை 2020-ல் நிறுவனம் கேட்டது, ஜெயித்தது.

எதிரணி சொன்ன ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன். வீரர்களைத் தனி ஒப்பந்தக்காரர்கள் என்றே கணக்கில் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை. அங்கே நிறுவனத்தின் பிடி இறுக்கமானது, நம் கோஷத்தால் இதுவரை அது தளரவில்லை. தளர வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2024 ஜனவரியில் தி ராக், நிறுவனத்தின் தாய் நிறுவனமான டிகேஓவின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். அடுத்த மாதமே ரெஸில்மேனியாவில் சாம்பியன் ரெயின்ஸோடு மோதும் இடத்தை, கோடி ரோட்ஸ் என்ற வீரர் ராக்குக்கு விட்டுக்கொடுப்பதாகக் காட்டினார்கள். கோடி அந்த வருட ராயல் ரம்பிளை ஜெயித்து அந்த இடத்தைச் சம்பாதித்தவர். ரசிகர்கள் கொந்தளித்தார்கள். "எங்களுக்கு கோடி வேண்டும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு வாரத்துக்குள் லாஸ் வேகாஸில் கோடிக்கு இடம் திரும்பி வந்தது, ராக் வில்லனாக மாறினார். ஏப்ரல் 7, பிலடெல்பியாவில் ரெயின்ஸின் 1,316 நாள் சாம்பியன் ஆட்சியை கோடி முடித்தார். இயக்குநர் குழுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவரே கேலரிக்கு வழிவிட்டு நகர்ந்தார். இதற்கு எதிரணித் தலைவர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.