மனச்சிதைவுக்கு ரத்தப் பரிசோதனை ஏன் இல்லை?

அவையோருக்கு வணக்கம்.

மனச்சிதைவு, அதாவது இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது என்று வரும் ஸ்கிசோஃப்ரினியா நோய் என்று மருத்துவர் சொல்லி முடித்ததும் குடும்பத்தார் கேட்பது ஒன்றைத்தான்: "ரத்தம் எடுக்கலை, ஸ்கேன் எடுக்கலை, எதை வைத்துச் சொல்றீங்க?" நியாயமான கேள்வி. சர்க்கரை நோய்க்கு ஓர் எண் இருக்கிறது. மாரடைப்புக்கு ரத்தத்தில் அளக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் இருக்கிறது. மனச்சிதைவுக்கோ இன்றும் நோயாளியிடம் பேசிப் பார்ப்பதும் நடத்தையைக் கவனிப்பதும்தான் சோதனை. யாரும் தேடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தேடித் தேடிச் சலித்த கதை இது.

1950-களில் அமெரிக்காவில் ராபர்ட் ஹீத் என்பவர், நோயாளிகளின் ரத்தத்திலிருந்து டராக்ஸீன் என்ற பொருளைப் பிரித்துவிட்டதாக அறிவித்தார். மற்ற ஆய்வகங்களில் அது சிக்கவில்லை. 1962-ல் வந்தது இளஞ்சிவப்புப் புள்ளி. நோயாளியின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்ததைக் காகிதத்தில் ஓடவிட்டுச் சாயமேற்றினால் ஒரு புள்ளி தெரிகிறது, மற்றவர்களுடையதில் தெரியவில்லை என்றார்கள். பெரிய பரபரப்பு! கிளறிப் பார்த்தால், உணவும் மருந்தும்கூட அந்த முடிவை மாற்றிக்கொண்டிருந்தன. ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைச் சாப்பாடு, மாத்திரை, விடாத சிகரெட் என்று வாழ்ந்த ஒருவரின் உடலில் எதை அளந்தாலும் வேறுபாடு தெரியத்தான் செய்யும். அது நோயின் வேறுபாடா, வாழ்க்கையின் வேறுபாடா என்பதுதான் கேள்வி. இந்தத் துறையில் எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலை.

1976-ல் ஈவ் ஜான்ஸ்டோனும் அவருடைய குழுவினரும் சி.டி. ஸ்கேனில், நாள்பட்ட நோயாளிகளின் மூளைக்குள் இருக்கும் திரவ அறைகள் பெரிதாக இருப்பதைக் காட்டினார்கள். இது நிலைத்தது, பிறகு வந்த ஆய்வுகளும் இதையே சொல்லின. ஆனால் இந்த நோய்க்கான மருந்தைக் கொடுத்து வளர்த்த ஆரோக்கியமான குரங்குகளின் மூளையும் சுருங்கியது. ஆக, இதில் நோயின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஒன்றைச் சொல்கிறேன். ஒருவரைத் தலையில் மின்முனைகளோடு உட்காரவைத்து, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறோம். அவர் அதைக் கவனிக்க வேண்டியதில்லை. ஏதாவது ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடுவில் ஓர் ஒலி மட்டும் சற்று நீள்கிறது. நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் மூளை "ஏதோ மாறிவிட்டது" என்று ஓர் அலையை எழுப்புகிறது. மனச்சிதைவு உள்ளவர்களில் அந்த அலை சராசரியாகச் சிறியது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறாமல் வருகிற, ஆளின் ஒத்துழைப்பைப் பெரிதாக நம்பியிராத கண்டுபிடிப்பு இது.

பிறகென்ன, இதையே சோதனையாக்கலாமே? "சராசரியாக" என்ற இடத்தில்தான் சிக்கல். நூறு நோயாளிகளையும் நூறு மற்றவர்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் அலையை மட்டும் பார்த்து அவர் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. இரண்டு கூட்டங்களும் அந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன.

ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் சோதனை கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய். சோதனை ஒன்பது பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் நோயாளி என்று சொல்லிவிடும். "இருக்கிறது" என்று கைகாட்டப்பட்ட 108 பேரில் உண்மையில் நோயுள்ளவர் ஒன்பதே பேர். இந்த நோய்ப் பெயர் ஒருவர்மீது ஏறினால் அது அவருடைய வேலைக்கும் திருமணத்துக்கும் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மரபணுக்களுக்கும் இதே கதைதான். 2022-ல் எழுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, மரபணுத் தொகுதியில் 287 இடங்களைச் சுட்டியது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பங்கு தனித்தனியே மிகச் சிறியது. விதிவிலக்குகளும் உண்டு: 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு போன்ற நோய் வருகிறது. ஆனால் நோயாளிகளில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே.

என் கருத்து இதுதான்: நாம் ஒரே நோய்க்கு ஒரே அடையாளத்தைத் தேடுகிறோம், அங்கே இருப்பது ஒரே நோய் அல்ல. காய்ச்சல்கூட ஒருகாலத்தில் ஒரு நோயின் பெயராகத்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மனநல விடுதிகளில் பலர் "பொது முடக்குவாதம்" என்ற பித்தோடு இருந்தார்கள். 1913-ல் நொகுச்சியும் மூரும் அப்படி இறந்தவர்களின் மூளையில் சிபிலிஸ் கிருமியைக் கண்டார்கள். 2007-ல் ஜோசப் டால்மாவின் குழு இன்னொன்றைப் பிரித்தெடுத்தது: பெரும்பாலும் இளம்பெண்களுக்குத் திடீரென்று வரும் பித்து, பிரமை, பிறகு வலிப்பு. காரணம், மூளைச் செல்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை உடலின் எதிர்ப்புப் புரதங்களே தாக்குவது. தண்டுவட நீரைச் சோதித்தால் தெரியும். நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையில் பெரும்பாலோர் தேறுகிறார்கள். இதில் மனநல மருத்துவர்களான எங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அடையாளம் கிடைத்த நோயை நரம்பியல்காரர்கள் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கிடைக்காதவையே எங்களிடம் தங்குகின்றன!

ஆகவே "நோய் இருக்கிறதா" என்பதைவிட "எந்த வகை, எந்த மருந்து கேட்கும்" என்று கேட்கும் ஆய்வுகள்மீதுதான் எனக்கு நம்பிக்கை. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் பலன் தருவதில்லை. மருந்து பலன் தருபவர்களின் மூளையில், செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் உற்பத்தி கூடியிருப்பதை, கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் காட்டுகிறது. பலன் தராதவர்களிடம் அது ஏறக்குறைய இயல்பாகவே இருக்கிறது. டோபமைனைத் தடுக்கும் மாத்திரை அவர்களுக்கு ஏன் உதவவில்லை என்பது இதிலிருந்து கொஞ்சம் புரிகிறது அல்லவா? அவர்களில் பலருக்குக் கை கொடுப்பது குளோசபின் என்ற மருந்து. ஆனால் குறைந்தது இரண்டு மருந்துகள் தோற்ற பிறகே அதற்குப் போகிறோம், அதற்குள் பல நேரம் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பெட் ஸ்கேன் விலை கூடியது, கதிரியக்கம் கலந்தது. அதற்குப் பதிலாகச் சாதாரண எம்.ஆர்.ஐ. கருவியிலேயே, டோபமைன் செல்களில் படியும் நியூரோமெலனின் நிறமியை அளந்து, யாருக்கு எந்த மருந்து என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.